படகு எப்படியும் வரும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோதே ஒரு நிபந்தனை போட்டார். "சார், பழைய கதை வேணாம். பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுங்க" என்றார். பழைய மாணவர்களைக் கூப்பிட்டுவிட்டுப் பழைய கதை வேண்டாம் என்றால் எப்படி? இருந்தாலும் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. அதனால் நான் பல வருடம் வேலை பார்த்த காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கடலைப் பற்றியே பேசுகிறேன். கடலில் எண்ணெய் கொட்டினால் மீனவர் படகுகளை எப்படி முறையாகத் துணைக்குச் சேர்ப்பது, எப்படிப் பழக்குவது என்பதுதான் விஷயம்.

முதலில் நம் ஊரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராயபுரத்திலிருந்து வடக்கே போனால் காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர். முகத்துவாரத்தைத் தாண்டினால் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக் கடல், மேற்கே கொசஸ்தலை ஆறும் கழிவெளியும், வடக்கே பழவேற்காடு. இந்தச் சின்ன நிலத்தின் ஓரமாகக் காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம், 2019இல் திறந்த திரவ இயற்கை எரிவாயு முனையம், அனல் மின் நிலையங்கள். ஆற்றுக்குத் தெற்கே மணலியில் சுத்திகரிப்பு ஆலை. நாம் ஓட்டுகிற வண்டிக்கு எண்ணெய், அடுப்புக்கு கேஸ், வீட்டுக்கு மின்சாரம், எல்லாம் இந்தப் பக்கமிருந்துதான் வருகிறது. அதே தண்ணீரில்தான் மடவையும் கொடுவாவும் இறாலும் நண்டும் பிடித்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் என்றைக்காவது ஒன்று மற்றொன்றின் மேல் கொட்டத்தான் செய்யும். ஏழு வருட இடைவெளிக்குள் இரண்டு முறை கொட்டியிருக்கிறது.

முதல் முறை 2017 ஜனவரி 28. அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. ஒன்று, கேஸை இறக்கிவிட்டு வெளியே போன 'பி.டபிள்யூ. மேப்பிள்'. மற்றது பெட்ரோலியச் சரக்கோடு உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்'. எண்ணெய்ப் பாதிப்பு இல்லை என்றுதான் துறைமுகத்தின் முதல் அறிக்கை சொன்னது. அடுத்த நாட்களில் எர்ணாவூர்க் கரையில் கறுப்புக் களி மாதிரி எண்ணெய் வந்து ஒட்டியது. அப்புறம் திருவொற்றியூர், காசிமேடு, மெரினா என்று தெற்கே இறங்கிக்கொண்டே போனது. உறிஞ்சும் இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். களி கெட்டியாக இருந்ததால் குழாய்கள் இழுக்கவில்லை. கடைசியில் பிளாஸ்டிக் வாளிதான் வேலை செய்தது. கடலோரக் காவல்படையினர், மீனவ இளைஞர்கள், கல்லூரி மாணவர்கள் பாறை இடுக்குகளில் நின்று கைமாற்றிக் கைமாற்றி அள்ளினார்கள். உலகமே அந்தப் படத்தைப் பார்த்தது.

இரண்டாம் முறை 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, முகத்துவாரம் வரை பரவியது. மணலி சி.பி.சி.எல். வளாகத்து மழைநீர்க் கால்வாய் வழியாக அது வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. வீட்டுச் சுவரில் எண்ணெய்க் கோடு, வலையில் எண்ணெய், படகில் எண்ணெய், கூழைக்கடாவின் இறகிலும் எண்ணெய். முறையான துப்புரவு சூடுபிடிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. அப்போதும் ஆற்றில் இறங்கியது யார்? காட்டுக்குப்பம், சிவன்படைவீதிக் குப்பம், முகத்துவாரக் குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று சுற்றியிருக்கிற ஊர்க்காரர்கள்தான். தங்கள் ஃபைபர் படகில் போய், குவளையால் மோந்து டிரம்மில் ஊற்றினார்கள். பலபேர் கையில் உறை இல்லை, மூக்குக்குத் துணி இல்லை.

அதனால்தான் நான் சொல்கிறேன்: படகு எப்படியும் வரும். நாம் கூப்பிட்டாலும் வரும், கூப்பிடாவிட்டாலும் வரும். அது அவர்கள் ஆறு, அவர்கள் சோறு. அந்தப் படகு பதிவோடும் பயிற்சியோடும் வருமா, வெறும் குவளையோடு வருமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்த ஒரு சங்கதியைக் கவனியுங்கள். தமிழக அரசு நிவாரணம் அறிவித்தது. 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சரிசெய்யத் தலா 10,000 ரூபாய், இன்னும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். மொத்தம் 8 கோடியே 68 லட்சம். கொடுத்தது நல்லது. ஆனால் 787 படகு என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்க முடிந்திருக்கிறது, பார்த்தீர்களா? அந்தக் கணக்கை வெள்ளத்துக்கு முன்பே எடுத்து, படகுக்கு எதிரே ஓட்டுபவர் பெயர், இன்ஜின் சக்தி, எந்தத் துறையில் கட்டியிருக்கும் என்று எழுதி வைத்திருந்தால், அது நிவாரணப் பட்டியலாக மட்டும் இருந்திருக்காது. முதல் நாளே கூப்பிடக்கூடிய ஒரு படையின் பட்டியலாக இருந்திருக்கும்.

"அதுக்குத்தான் அரசாங்கத்தில் ஆள் இருக்காங்களே" என்று கேட்கலாம். இருக்கிறார்கள். 1996 முதல் நம் நாட்டில் தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டம் என்று ஒன்று நடைமுறையில் இருக்கிறது. கடலுக்கு ஒருங்கிணைப்பாளர் கடலோரக் காவல்படை. துறைமுக எல்லைக்குள் துறைமுகம். கரைக்கு மாநில அரசு. 700 டன் வரை கொட்டினால் அந்தந்தத் துறைமுகமும் எண்ணெய் கையாளும் நிறுவனமுமே சமாளிக்க வேண்டும். காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் முகத்துவாரம் என்பது கடலும் இல்லை, கரையும் இல்லை, துறைமுகமும் இல்லை. இடையில் நிற்கிறது. 'சமுத்ர பஹரேதார்' போன்ற மாசு அகற்றும் கப்பல்கள் நம்மிடம் உண்டு. சாம்பல் படிந்து மேடாகிப்போன கொசஸ்தலை ஆற்றுக்குள் அந்தக் கப்பல் எப்படி நுழையும்? முழங்கால் தண்ணீரில் போகிறது ஃபைபர் படகு ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 நவம்பர் 25ஆம் தேதி குஜராத்தின் வாடிநார் கடலில் கடலோரக் காவல்படை தேசிய அளவிலான எண்ணெய்க் கசிவு ஒத்திகையை நடத்தியது. நல்ல ஒத்திகைதான். பத்தே நாளில் நம் ஆற்றில் எண்ணெய். வாடிநாரில் பழகியவர்களுக்கு எண்ணூர் ஓடையின் மேடு பள்ளம் எப்படித் தெரியும்? அது தெரிந்தவர் நெட்டுக்குப்பத்தில் இருக்கிறார். நம் கடலோரத்தில் தெற்கிலிருந்து ஓடும் நீரோட்டத்தைத் 'தெண்டி' என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை 'வன்னி' என்பார்கள். எண்ணூரில் கொட்டிய எண்ணெய் மெரினாவுக்குப் போகுமா, பழவேற்காட்டுக்குப் போகுமா என்பது அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குப் போடுகிறவர் பக்கத்தில் இவரும் உட்கார வேண்டும் என்கிறேன்.

வெளிநாட்டு அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' என்ற டேங்கர் பாறையில் ஏறியது. சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டியது. தடுப்பு மிதவைகளைக் கொண்டுபோக வேண்டிய மிதவைக் கலம் அன்றைக்குப் பார்த்துப் பழுதில் கிடந்தது. கார்டோவா என்ற மீனவ ஊர்க்காரர்கள் தங்கள் படகுகளைக் கிளப்பிப் போய், சால்மன் மீன் குஞ்சுப் பண்ணைகளின் வாயில் மிதவை கட்டினார்கள், வாளியில் எண்ணெய் அள்ளினார்கள். பண்ணைகள் தப்பின. அதாவது, அவர்கள் கதையும் வாளியில்தான் ஆரம்பித்தது!

வித்தியாசம் அதற்கு அப்புறம்தான். அங்கே அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. எண்ணெய்க் குழாய் நிறுவனம் மீனவர் படகுகளோடு ஒப்பந்தம் போட்டது. இன்றைக்குச் சுமார் 400 மீன்பிடிப் படகுகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. வருடந்தோறும் பயிற்சி, பயிற்சி நாளுக்கும் கூலி. மேற்பார்வை செய்ய உள்ளூர் மக்கள் கொண்ட ஒரு குழு, அதன் செலவும் எண்ணெய் நிறுவனங்கள் தலையில். நமக்கு 2017க்குப் பிறகு அது நடந்திருந்தால் 2023இல் குவளை தேவைப்பட்டிருக்காது.

எல்லா வெளிநாட்டு உதாரணமும் நல்ல உதாரணம் இல்லை. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் 'டீப்வாட்டர் ஹொரைசன்' எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். 87 நாள் எண்ணெய் பீறிட்டது. அவசர அவசரமாக 3,000க்கு மேல் தனியார் படகுகளை வாடகைக்கு எடுத்தார்கள். சில மணி நேரப் பாடம், உடனே கடலுக்கு அனுப்பு. பிற்பாடு அமெரிக்கச் சுகாதார ஆய்வாளர்கள் துப்புரவில் ஈடுபட்டவர்களில் சுமார் 33,000 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். எண்ணெயோடு அதிகம் புழங்கியவர்களிடம் மூச்சுத் தொல்லை போன்றவை கூடுதலாகத் தெரிந்தன. ஆபத்து வந்த பிறகு ஆள் சேர்த்தால் இப்படித்தான் ஆகும். முன்கூட்டியே சேர்ப்பதற்கும் அன்றைக்குச் சேர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் மனிதர்களின் நுரையீரலில் தெரிகிறது.

நம் ஆட்களால் முடியுமா என்று யாரும் கேட்க வேண்டாம். 2018 வெள்ளத்தில் கேரள மீனவர்கள் 600க்கும் மேற்பட்ட படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஆயிரமாயிரம் பேரைக் காப்பாற்றினார்கள். 2015 வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் வந்த படகுகள் நம் குப்பத்துப் படகுகள். கடலோரப் பாதுகாப்புக்கு மீனவ இளைஞர்களை ஊர்க்காவல் படையில் சேர்த்த அனுபவமும் தமிழ்நாட்டுக்கு உண்டு. பேரிடர் காலத் தன்னார்வலர்களைப் பழக்கும் 'ஆப்த மித்ரா' திட்டமும் இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை. அந்த வழியில் எண்ணெய் என்ற பாடத்தைச் சேர்க்க வேண்டும்.

அந்தப் பாடத்தில் என்ன இருக்க வேண்டும்? மாணவர்கள் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் பாடம், எப்போது போகக்கூடாது என்பது. நம் துறைமுகங்களில் இறங்குவது கரும் எண்ணெய் மட்டும் இல்லை. சட்டென்று ஆவியாகித் தீப்பிடிக்கிற சரக்கும், எரிவாயுவும் இருக்கிறது. கசிந்த புதிதில் அதன் நடுவே இன்ஜினோடு போவது நெருப்போடு விளையாடுவது. ஆவியை அளந்து பார்த்து, 'போகலாம்' என்று பொறுப்பானவர் சொன்ன பிறகுதான் கயிற்றை அவிழ்க்க வேண்டும். மீனவ இளைஞனின் தைரியத்துக்கு அணை போடுவதுதான் பயிற்சியின் பாதி.

இரண்டாவது, மெதுவாக ஓட்டுவது. இரண்டு படகுகள் இரு பக்கமும் பிடித்து மிதவைத் தடுப்பை வளைத்து இழுக்கும்போது, வேகம் மணிக்கு ஒரு கடல் மைலுக்கும் குறைவாக இருக்க வேண்டும். அதாவது நாம் நடப்பதைவிட மெதுவாக. அதைத் தாண்டினால் எண்ணெய் மிதவைக்கு அடியில் நழுவிப் பின்னால் போய்விடும். வேகமாகக் கரை சேர்ந்து ஏலத்தைப் பிடிக்கப் பழகிய கைக்கு இது லேசான காரியம் இல்லை. இரண்டு படகும் ஒரே சீராகப் போக நாலு தடவையாவது ஒத்திகை பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எங்கே கட்டுவது. ஓடுகிற தண்ணீருக்கு நேர் குறுக்கே கட்டினால் தடுப்பு தாங்காது. சாய்வாகக் கட்டி, எண்ணெயை ஓட்டம் குறைந்த ஒரு மூலைக்கு ஒதுக்கி, அங்கே அள்ள வேண்டும். எந்த மூலை, எந்த அலையாத்திக் காட்டை முதலில் காப்பாற்றுவது, ஏற்றத்தில் எது, வற்றத்தில் எது என்பதை முன்பே வரைபடத்தில் குறிக்க வேண்டும்.

நாலாவது, அள்ளியதை என்ன செய்வது. கடல் நீரோடு கலந்து அடிபட்ட எண்ணெய் மூன்று நாலு மடங்காகப் பெருகும். அள்ளுவது ஒரு டிரம் என்றால் வைக்க நாலு டிரம் வேண்டும். மணலில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தால் அடுத்த அலையில் திரும்பி வரும்.

ஐந்தாவது உடம்பு. எண்ணெய் ஊறாத கையுறை, பூட்ஸ், ஆவிக்கு ஏற்ற முகமூடி, வெயிலில் அவற்றைப் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேலை செய்யலாம் என்ற கணக்கு. வேலைக்கு முன்னும் பின்னும் மருத்துவப் பரிசோதனை.

ஆறாவது, எழுதி வைப்பது. இது மற்றதைவிட முக்கியம் என்று சொல்வேன். எத்தனை மணிக்குப் போனோம், எவ்வளவு டீசல், எத்தனை ஆள், எவ்வளவு அள்ளினோம், வலை எத்தனை கெட்டது. டேங்கர் கப்பல் கொட்டிய எண்ணெய்க்குச் சர்வதேச இழப்பீட்டு ஏற்பாடு உண்டு. நியாயமான துப்புரவுச் செலவும் மீனவர் இழப்பும் அதில் கேட்கலாம். ஆனால் கணக்குக் காட்ட வேண்டும். குறிப்பேடு இல்லாதவன் உழைப்பு ஆற்றில் போனதுதான்.

காசிமேட்டு விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஆட்கள் கரையில்தான் இருப்பார்கள். அவர்களுக்கு அப்போது பயிற்சி வைக்கலாம். ஓடைப் படகுகளுக்கு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒத்திகை வைக்கலாம். யார் முதலில் போவது, யார் அடுத்து என்ற தகராறு வருமோ என்று அதிகாரிகள் பயப்படுவார்கள். பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இன்றைக்கு இந்த இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். முறை வைத்துக்கொள்ள அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

இனி, ஊருக்குள் நான் இதைப் பேசும்போதெல்லாம் வருகிற கேள்விக்கு வருகிறேன். ஒரு பெரியவர் கேட்டார்: "ஏம்ப்பா, கொட்டறவன் ஒருத்தன், அள்றவன் நானா? எம்புள்ளய கம்பெனியோட தோட்டியாக்கப் பாக்கறியா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசவே கூடாது. அவர் கேட்டது முழுக்க நியாயம். கடலில் கொட்டிய எண்ணெயில் பத்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்தாலே பெரிய விஷயம் என்பது உலக அனுபவம். ஆகவே கொட்டாமல் பார்த்துக்கொள்வதற்கு எந்தப் படகும் ஈடு இல்லை. படகுப் பட்டியல் இருக்கிறது என்று சொல்லி ஆலையின் அணையை உயர்த்தாமல் விட்டால் அது மோசடி. அதனால் சில நிபந்தனைகள் எழுத்தில் இருக்க வேண்டும். பட்டியலில் சேருவது விருப்பம், கட்டாயம் இல்லை. பயிற்சிக்கும் காத்திருப்புக்கும் வருடாந்தரக் கட்டணம். அதை எண்ணெய் கையாளுகிற நிறுவனங்களும் துறைமுகங்களும் கொடுக்க வேண்டும். படகுக்கும் ஆளுக்கும் இந்த வேலைக்கென்று காப்பீடு. கூலி வாங்கியதால் இழப்பீடு கேட்கும் உரிமை போய்விடாது. மேற்பார்வைக் குழுவில் மீனவப் பஞ்சாயத்துக்கு நாற்காலி. மீன் விற்கிற பெண்களுக்கும் ஒரு நாற்காலி. ஏனென்றால் 2017இல் எண்ணெய் படாத மீனைக்கூட ஜனங்கள் வாங்கப் பயந்தபோது கூடையோடு திரும்பியவர்கள் அவர்கள்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு அந்தப் பெரியவர், "எழுதிக் குடுத்தா வர்றோம். வாயால சொன்னா வரமாட்டோம்" என்றார். இதைவிட நல்ல ஒப்பந்த வாசகம் எந்த வக்கீலாலும் எழுத முடியாது.

நண்பர்களே, நம் கல்லூரி இதில் என்ன செய்ய முடியும்? நம்மில் துறைமுகத்தில் இருப்பவர்கள் உண்டு, ஆலையில் இருப்பவர்கள் உண்டு, வங்கி, காப்பீடு, அரசு அலுவலகம், மருத்துவமனை எல்லா இடத்திலும் உண்டு. குப்பத்திலிருந்து வந்து நம்மோடு படித்தவர்களும் இந்த அரங்கில் இருக்கிறார்கள். இவ்வளவு பேர் ஒரே கூரையின் கீழ் வருடத்துக்கு ஒரு முறைதான் உட்காருகிறோம். சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லிக் கலைந்துவிடாமல் மூன்று வேலை எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்று, நான் சொன்ன ஆறு பாடங்களையும் படம் போட்டு, குப்பத்துத் தமிழில் ஒரு சின்னக் கையேடு. வேதியியல் மாணவர்கள் எழுதட்டும், மீனவப் பெரியவர்கள் திருத்தட்டும். இரண்டு, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஒவ்வொரு ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதத்தோடும் படகுப் பட்டியலும் ஓடை வரைபடமும் தயாரித்து மீன்வளத் துறைக்கும் கடலோரக் காவல்படைக்கும் கொடுப்பது. மூன்று, துறைமுகத்திலும் ஆலையிலும் பொறுப்பில் இருக்கிற நம் பழைய மாணவர்கள், தங்கள் நிறுவனத்தின் எண்ணெய்க் கசிவுத் திட்டத்தை எடுத்துப் பார்த்து, அதில் மீனவர் படகு என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுவது. இல்லை என்றால் அடுத்த கூட்டத்தில் கையைத் தூக்கிக் கேட்பது. இதற்குப் பணம் வேண்டாம். கொஞ்சம் தைரியம் போதும்.

தம்பி தங்கைகளே, உங்களில் யாராவது இந்தப் பட்டியலைத் தயாரிக்கப் போனால் ஒரு நாள் காலையில் படகில் ஏறி முகத்துவாரம் வரை போய்விட்டு வாருங்கள். ஒரு பக்கம் புகைபோக்கி, ஒரு பக்கம் கிரேன், நடுவில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நண்டு தேடுகிற மனிதர். யாருக்காகப் பட்டியல் என்பது அப்போது புரியும். அவரிடம் முதலில் கையுறை கொடுக்காதீர்கள். பெயரைக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.